காலையில் லாரி ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கிறதா? குளிர் மேல் பழி போடும் முன் பார்க்க வேண்டியவை

டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை விடாமல் இரண்டு மூன்று நாள் பிடித்துக்கொண்டால் சிங்கப்பூர் லாரி டிரைவர்களிடம் ஒரு பேச்சு கிளம்பும். "குளிர் ஏறிடுச்சு அண்ணே, செல்ஃப் ரொம்ப நேரம் அடிச்சாத்தான் வண்டி எடுக்குது." (செல்ஃப் என்பது எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்.) புதிதாக வண்டிப் பொறுப்பு ஏற்றவர்களும், ஒர்க்‌ஷாப்பில் உதவியாளராகச் சேர்ந்தவர்களும் இதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். மழை விட்டால் சரியாகிவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். அப்புறம் மார்ச் மாதம், நல்ல வெயில் காலத்தில், காலை ஐந்தரை மணிக்கு டார்மிட்டரி வாசலில் ஆட்களெல்லாம் ஏறி உட்கார்ந்த பிறகு வண்டி கிளம்பவே கிளம்பாது.

இந்தக் கட்டுரை அவர்களுக்காக. வோல்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால், ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் முன்பே பாதி விஷயத்தை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

குளிர் என்னதான் செய்யும்?

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை இறுக்கமாக அழுத்தும். அந்த அழுத்தத்திலேயே காற்று கொதிக்கும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். லாரி எஞ்சின்களில் காற்று ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. கணக்குப்படி பார்த்தால், 31 டிகிரி காற்று உள்ளே போனால் சுமார் 545 டிகிரி வரை சூடாகும். மழைநாள் விடியற்காலையில் 24 டிகிரி காற்று போனால் சுமார் 525. வித்தியாசம் இருபது டிகிரிதான். சிலிண்டர் சுவர் உறிஞ்சும் வெப்பத்தையும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் வழியாகக் கசியும் காற்றையும் கழித்தால் இரண்டு எண்களுமே இறங்கும். ஆனாலும் டீசல் தானாகப் பற்ற இருநூற்றுச் சொச்சம் டிகிரி போதும். நம் ஊர்க் குளிரில் ஒழுங்கான எஞ்சின் ஒன்றிரண்டு விநாடியில் எடுத்துவிட வேண்டும். சிங்கப்பூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 19 டிகிரிதான். 1989 பிப்ரவரியில் பாய லேபாரில் பதிவானது.

இங்கே வேலை பார்த்துவிட்டுக் கனடாப் பக்கம் லாரி ஓட்டப் போனவர்களிடம் கேளுங்கள், அது வேறு கதை. மைனஸ் இருபதில் எஞ்சின் ஆயில் பாகு மாதிரி கெட்டியாகி, எஞ்சினைச் சுற்றவே ஸ்டார்ட்டர் திணறும். பேட்டரியின் பலம் பாதிக்குப் பாதி போய்விடும். டீசலில் உள்ள மெழுகு உறைந்து பில்டரை அடைக்கும். அதற்காகவே அங்கே குளிர்காலத்துக்கென்று தனி டீசல் விற்கிறார்கள், ராத்திரியில் எஞ்சினைக் கரண்டில் மாட்டிச் சூடாக வைக்கிறார்கள். இணையத்தில் படிக்கும் பாதி ஆலோசனை அந்த ஊர்களுக்கானது. அதை இங்கே கொண்டுவந்து மெல்லிய ஆயிலாக மாற்றுவது, டீசலில் மருந்து ஊற்றுவது எல்லாம் வீண் செலவு.

அப்படியானால் இங்கே காலையில் மட்டும் ஏன் அடம் பிடிக்கிறது? வண்டி ராத்திரி முழுக்க நின்றதுதான் காரணம். நிற்கும் அந்த எட்டு பத்து மணி நேரத்தில் பைப்பில் இருந்த டீசல் டேங்குக்கு இறங்கலாம், பேட்டரி வடியலாம். தொண்ணூறு டிகிரியில் இருந்த எஞ்சினும் வெளிக்காற்றின் சூட்டுக்கு வந்துவிடும். ஏற்கெனவே பலவீனமாக இருக்கும் ஏதோ ஒன்று அப்போதுதான் வெளியே தெரிகிறது. மழை அதைக் கொஞ்சம் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான்.

முதல் வேலை: காதைக் கொடுங்கள், புகையைப் பாருங்கள்

எதையும் கழற்றாதீர்கள். வண்டி நியூட்ரலில் இருக்கிறதா, ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது கூட ஒருவரை நிறுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் சாவியைத் திருப்புங்கள், அவர் சைலன்சர் வாயைப் பார்க்கட்டும். போனில் வீடியோ எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. சத்தமும் பதிவாகும், எத்தனை விநாடி ஆனது என்பதும் தெரியும்.

செல்ஃப் இழுத்து இழுத்து, "ர்ர்...ர்ர்...ர்ர்" என்று சோம்பலாகச் சுற்றினால் அது கரண்ட் சம்பந்தப்பட்டது. பேட்டரி, கேபிள், ஸ்டார்ட்டர் மோட்டார் மூன்றில் ஒன்று. செல்ஃப் வழக்கமான வேகத்தில் விறுவிறுவென்று சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையா? அப்போது பேட்டரியை விட்டுவிடுங்கள். அங்கேதான் புகை உதவும். சுற்றும்போதே வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ புகை வந்தால், டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை. சூடு போதவில்லை என்று அர்த்தம். சிலிண்டரை முன்கூட்டிச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கையோ, காற்றை அழுத்தும் பலமான கம்ப்ரஷனையோ பார்க்க வேண்டும். புகையே இல்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போய்ச் சேரவில்லை.

இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் பேட்டரி மாற்றிய வண்டிகள் ஏராளம். புதுப் பேட்டரி போட்டால் செல்ஃப் கொஞ்சம் வேகமாகச் சுற்றும், டீசலும் கொஞ்சம் சீக்கிரம் ஏறும், பிரச்சினை தீர்ந்ததுபோலத் தெரியும். சில வாரத்தில் பழைய குருடி கதவைத் திறடி.

இன்னொன்றும் கவனியுங்கள். மதியம் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு எடுத்தால் எப்படி இருக்கிறது? அப்போதும் நேரம் எடுத்தால் ராத்திரி நின்றதைக் குறை சொல்ல முடியாது. தேட வேண்டிய இடம் மாறிவிடும்.

செல்ஃப் சோம்பினால்: பேட்டரிப் பக்கம்

சாவியைத் தொடும் முன்பே பேட்டரியின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்துப் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற 12 வோல்ட் பேட்டரி 12.6 காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே போனால் சார்ஜ் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேலே பேச வேண்டும். பெரிய லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராக மாட்டி 24 வோல்ட் இருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளக்க வேண்டும். மொத்தமாக 24.6 காட்டும்; பிரித்துப் பார்த்தால் ஒன்று 12.7, மற்றது 11.9 என்று இருக்கும். அப்படி ஒன்று செத்திருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். முதலாளி ஒன்று போதும் என்பார். பழையதோடு ஜோடி சேர்ந்த புதுப் பேட்டரியும் சீக்கிரம் கெட்டுவிடும் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்தது முக்கியமான அளவு. செல்ஃப் சுற்றிக்கொண்டிருக்கும்போது வோல்ட் எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். 12 வோல்ட் வண்டியில் பத்துக்குக் கீழே, 24 வோல்ட் வண்டியில் இருபதுக்குக் கீழே இறங்கினால் சந்தேகப்படலாம். இறங்கவே இல்லை, ஆனாலும் செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறது என்றால் பேட்டரி நல்லது. கரண்ட் வழியில் எங்கோ மாட்டிக்கொள்கிறது. பேட்டரி முனையில் வெள்ளை, பச்சைப் பொடி பூத்திருக்கிறதா, எஞ்சினிலிருந்து சேஸிக்குப் போகும் எர்த் பட்டை துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். எர்த் பட்டையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சிமெண்ட் தூசி, மழைத்தண்ணீர், கடலோர உப்புக்காற்று எல்லாம் அதில்தான் போய் உட்காரும். கழற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, இறுக்கி மாட்டினாலே பல வண்டிகள் சரியாகிவிடும்.

பேட்டரி ஏன் வடிகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். குளிர் நாட்டில் பேட்டரி பலவீனமானது குளிரில் தெரியவரும். அதைப் பலவீனமாக்குவது பெரும்பாலும் சூடுதான். இங்கே வருஷம் முழுக்கச் சூடு. போதாததற்கு நம் வேலைமுறை. பின்னால் சரக்கை ஏற்றி இறக்கும் டெயில் லிப்ட் உள்ள டெலிவரி லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் நிறுத்திய வண்டியில் எஞ்சினை ஓடவிடுவது குற்றம், அபராதம் உண்டு. அதனால் எஞ்சினை அணைத்துவிட்டு டெயில் லிப்டை ஏற்றி இறக்குகிறோம். அது பேட்டரியை நன்றாக உறிஞ்சும். அடுத்த இடம் பத்து நிமிஷத் தூரம். உறிஞ்சியதைத் திருப்பிச் சேர்க்க, எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருக்கு நேரமே கிடைப்பதில்லை. ராத்திரியில் ஜி.பி.எஸ்., கேமரா வேறு சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட வண்டிக்கு வாரம் ஒரு முறை இரவில் சார்ஜர் போடச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். எஞ்சின் ஓடும்போது 12 வோல்ட் வண்டியில் 13.8 முதல் 14.5 வரை, 24 வோல்ட் வண்டியில் 27.6 முதல் 29 வரை காட்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் ஆல்டர்னேட்டரோ பெல்ட்டோ கவனிக்கப்பட வேண்டும்.

செல்ஃப் விறுவிறு, புகை இல்லை: டீசல் இறங்குகிறது

இதுதான் நான் அதிகம் பார்க்கும் கோளாறு. அதிகம் தப்பாகக் கணிக்கப்படுவதும் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டீசல் டேங்க் கீழே இருக்கிறது, எஞ்சின் பம்ப் மேலே. பம்ப் உறிஞ்சித்தான் டீசல் ஏறுகிறது. எஞ்சினை அணைத்த பிறகு பைப் முழுக்க டீசல் அப்படியே நிற்க வேண்டும். பைப்பிலோ பில்டர் மூடியிலோ தலைமுடி அளவு இடைவெளி இருந்தாலும் அதன் வழியே காற்று நுழையும், டீசல் மெல்ல டேங்குக்கு இறங்கிவிடும். காலையில் செல்ஃப் அடிக்கும்போது பம்ப் முதலில் அந்தக் காற்றை விழுங்கித் தீர்க்க வேண்டும். அதற்குத்தான் பத்து விநாடி போல ஆகிறது. ஒருமுறை எடுத்துவிட்டால் நாள் முழுக்க ஒரு குறையும் தெரியாது.

பலர் ஏமாறுவது எங்கே என்றால், டீசல் வெளியே ஒழுகவே ஒழுகாது. எஞ்சின் ஓடும்போது அந்தப் பக்கம் உறிஞ்சும் பக்கம். காற்று உள்ளே போகுமே தவிர டீசல் வெளியே வராது. "கீழே ஒரு சொட்டுகூட இல்லையே அண்ணே" என்பார்கள். இருக்காது.

சோதிப்பது சுலபம். பில்டர் தலையில் ஒரு கை பம்ப் இருக்கும், கட்டைவிரலால் அமுக்குகிற மாதிரி. சில வண்டிகளில் கேபினைச் சாய்த்தால்தான் எட்டும். சாய்த்தால் தாங்கிக் கம்பி பூட்டிக்கொண்டதா என்று இரண்டு முறை பார்க்காமல் தலையை உள்ளே விடாதீர்கள். காலையில், சாவியைத் தொடும் முன், அந்தக் கை பம்ப்பை அமுக்குங்கள். டீசல் நிறைந்த வண்டியில் ஓரிரு அமுக்கலிலேயே கெட்டியாகிவிடும். இறங்கிய வண்டியில் அது தொளதொளவென்று போகும். இருபது, முப்பது தடவை அமுக்கினால்தான் மெல்ல மெல்லக் கைக்கு எதிர்ப்புத் தெரியும். நன்றாகக் கெட்டியான பிறகு போய்ச் சாவியைத் திருப்புங்கள். உடனே எடுத்துவிட்டால் கேஸ் முடிந்தது, டீசல் இறங்குகிறது.

சுங்கை கடுட் பக்கம் ஒரு லாரி, மழைநாளில் மட்டும் மக்கர் செய்கிறது என்று வந்தது. விசாரித்தால், மழை பெய்தால் அந்தத் தாழ்வான இடத்தில் தண்ணீர் தேங்கும் என்று டிரைவர் வண்டியைச் சரிவில் மூக்கு மேலே பார்க்க நிறுத்துகிறார். மற்ற நாளில் சமதரை. மூக்கு மேலே இருந்தால் டீசல் டேங்குக்கு இறங்குவது இன்னும் சுலபம். கை பம்ப் தொளதொள. பில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவே ஒரு கண்ணாடி மாதிரி தெரியும் ஹோஸை மாட்டினோம்; எஞ்சின் ஓடும்போது அதில் குமிழி குமிழியாக ஓடியது. பில்டரைக் கழற்றினால், கடைசியாக மாற்றியவர் ரப்பர் வளையத்தை ஒரு பக்கம் மடித்து வைத்து இறுக்கியிருக்கிறார். வளையம் ஒரு வெள்ளி விலையா இரண்டு வெள்ளியா, அவ்வளவுதான். இடையில் அவர்கள் செல்ஃப் மோட்டாரையே கழற்றி ரிப்பேர் செய்து மாட்டியிருந்தார்கள்.

அதனால் முதல் கேள்வி எப்போதும் இதுதான்: பில்டர் கடைசியாக எப்போது மாற்றினார்கள், பிரச்சினை அதற்கு முன்பா பின்பா? அதற்கடுத்துப் பார்க்க வேண்டியவை: பில்டர் வளையம், கை பம்ப்பின் ரப்பர், ஹோஸ் கிளிப்புகள், வெடிப்பு விட்ட பழைய ரப்பர் ஹோஸ், திருகு இணைப்புகளில் உள்ள செம்பு வாஷர், டேங்கின் மேலே உறிஞ்சு குழாய் மாட்டும் இடம். டேங்கிலிருந்து எஞ்சின் நோக்கி ஒவ்வொரு இணைப்பாக வாருங்கள். கண்ணாடி ஹோஸை இடம் மாற்றி மாட்டினால், எந்த இடத்துக்குப் பிறகு குமிழி தொடங்குகிறது என்று தெரிந்துவிடும்.

பில்டருக்கு அடியில் உள்ள தண்ணீர்ச் சட்டியையும் அப்படியே திறந்து வடித்துவிடுங்கள். ஒரு பாட்டிலில் பிடித்து வைத்தால் தண்ணீர் அடியிலும் டீசல் மேலேயும் பிரியும். டேங்கைப் பாதியாக வைத்து இந்த ஈரக்காற்றில் ராத்திரி ராத்திரியாக நிறுத்தினால் உள்ளே வியர்த்துத் தண்ணீர் சேரத்தான் செய்யும்.

வெள்ளைப் புகை வந்தால்

டேஷ்போர்டில் சுருள் கம்பி மாதிரி மஞ்சள் விளக்கு எரியும் வண்டிகளில் ஹீட்டர் பிளக் இருக்கிறது. விளக்கு அணைந்த பிறகுதான் செல்ஃப் அடிக்க வேண்டும். அவசரத்தில் பாதிப் பேர் காத்திருப்பதில்லை. சந்தேகம் வந்தால், சாவியை ஆன் செய்து விளக்கு அணைந்ததும் ஆஃப் செய்து, மறுபடி ஆன் செய்து, இரண்டு முறை சூடாக்கிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். தெளிவாக வித்தியாசம் தெரிந்தால் பிளக்குகளில் ஒன்றிரண்டு செத்திருக்கலாம். பிளக்குகளை இணைக்கும் பொதுப் பட்டையைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு பிளக்கையும் மீட்டரில் ஓம் அளந்தால், செத்தது தனியாகக் காட்டிக்கொடுக்கும். எல்லா எஞ்சினிலும் பிளக் இருக்காது. பெரிய எஞ்சின்கள் சிலவற்றில் காற்று போகும் வழியில் ஒரு ஹீட்டர் மட்டும் இருக்கும். இந்த ஊர்ச் சூட்டில், பிளக் இல்லாமலே எடுக்கிற எஞ்சின்களும் உண்டு. அதனால் பிளக்கை முதல் குற்றவாளியாக நினைக்காதீர்கள்.

பிளக் நன்றாக இருந்தும் வெள்ளைப் புகை தொடர்ந்தால், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து எஞ்சின் ஓடும்போது புகை குபுகுபுவென்று வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ரிங் தேய்ந்திருக்கலாம். கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்க வேண்டிய கட்டம் அது.

இதற்கு மேல் ஒர்க்‌ஷாப் வேலை

இப்போது ஓடும் லாரிகள் பெரும்பாலும் காமன் ரெயில். அதாவது, ரெயில் என்ற ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து, டீசலைப் பீய்ச்சும் எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் போகும் முறை. சிங்கப்பூரில் 2018 ஜனவரியிலிருந்து புதிதாகப் பதிவாகும் டீசல் வண்டிகளுக்கு யூரோ 6 புகைத் தரம் கட்டாயம். அந்தத் தரத்தைத் தொட இந்த முறைதான் பெரும்பாலும் உதவுகிறது. இதில் ரெயில் அழுத்தம் ஓர் அளவை, பெரும்பாலும் இருநூறு முந்நூறு பாரை, எட்டும் வரை கம்ப்யூட்டர் டீசல் பீய்ச்ச விடாது. இன்ஜெக்டர் தேய்ந்து டீசலை டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் குழாயில் அதிகமாக விட்டால், அந்த அழுத்தம் சேரவே நேரமாகும். ஸ்கேனரை மாட்டி, செல்ஃப் அடிக்கும்போது ரெயில் அழுத்தம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்த்து, பிறகு ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்னையும் குப்பியில் பிடித்து அளப்பார்கள்.

பழைய பம்ப் வண்டிகளில் இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றுவார்கள். பழைய மெக்கானிக் யாராவது அதைக் காமன் ரெயிலில் செய்யச் சொன்னால் செய்யாதீர்கள். ஓடும் எஞ்சினில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேலும் போகும். ஊசி முனை அளவு பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும்; அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எஞ்சின் எடுக்க வைக்கும் ஸ்ப்ரேயும் வேண்டாம். ஹீட்டர் பிளக்கோ காற்று ஹீட்டரோ உள்ள எஞ்சினில் அது உள்ளேயே வெடித்துப் பிஸ்டனை உடைத்துவிடக்கூடும். செல்ஃபைப் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள். ஒரு நிமிஷமாவது ஆறவிட்டு அடுத்த முறை. ஜம்ப் கேபிள் போடுவதாக இருந்தால் 12-க்கு 12, 24-க்கு 24. பக்கத்து வண்டி என்ன வோல்ட் என்று கேட்காமல் மாட்டினால் கம்ப்யூட்டர் போய்விடும். கடைசி நெகட்டிவ் கிளிப்பைப் பேட்டரியில் மாட்டாமல், தள்ளி எஞ்சினில் உள்ள இரும்பில் மாட்டுங்கள். பேட்டரி அருகே தீப்பொறி வரக்கூடாது.

வண்டியை விடும்போது "காலையில ஸ்டார்ட் ஆகல" என்று மட்டும் சொல்லாதீர்கள். செல்ஃப் வேகமா சோம்பலா, புகை வந்ததா, என்ன நிறம், எத்தனை விநாடி, மதியம் எப்படி, கை பம்ப் அமுக்கினால் மாற்றம் உண்டா, பில்டர் எப்போது மாற்றியது, காலை வோல்ட் எவ்வளவு: இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி, எடுத்த வீடியோவோடு கொடுங்கள். மொழி புரியாத மெக்கானிக்காக இருந்தாலும் வீடியோவும் எண்களும் புரியும். வேலை முடிந்து வண்டி வந்ததும் அன்றைக்கே ஸ்டார்ட் ஆவதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். ஒர்க்‌ஷாப்பில் வண்டி சூடாகத்தான் இருக்கும். ஒரு ராத்திரி நிறுத்தி, அடுத்த நாள் காலையில் முதல் சாவியில் எடுக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பில்லுக்குச் சரி சொல்லுங்கள்.